மாப்பிள்ளை அறைக்குப் போன கேபிள்

எங்கள் முதலாளியின் மாப்பிள்ளை கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் நடத்துகிறவர்கள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி, கறுப்புக் கயிற்றில். மத்தியானச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் தன் அறையை விட்டு வெளியே வருவார். டைப் அடிக்கும் பெண்களின் பின்னால் போய் நிற்பார். எந்தப் பெண் புதிய தாளை எடுத்து வைக்கிறாளோ அவள் தோளுக்கு நேராகக் குனிந்து கிளிக் என்று ஒரு அழுத்து அழுத்துவார். அந்தச் சத்தம் கேட்டதும் அவள் முதுகு விறைக்கும். முதுகு விறைத்தால் விரல் தப்பும். விரல் தப்பினால் மறுபடி அடிக்க வேண்டும். அதற்குள் இன்னொரு கிளிக். ஒரே ஒரு ஆள்தான் அவருக்குப் பதில் சொல்வார். அவர்தான் டைப்பிங் பகுதியின் மூத்தவர், நாங்கள் எல்லாரும் அக்கா என்று கூப்பிட்டவர். "சார், குதிரைப் பந்தயத்துல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க. எந்தக் குதிரை மேல கட்டியிருக்கீங்க?" என்று திரும்பிப் பார்க்காமலே கேட்பார். மற்ற பெண்கள் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொள்வார்கள். மாப்பிள்ளை சிரிக்க மாட்டார்.

இவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத எனக்கு வராது. வரவழைக்கவும் விருப்பமில்லை. வயதானால் எல்லாம் மறந்துபோகும், மனசு இளகிவிடும் என்கிறார்கள். எனக்கு எதுவும் இளகவில்லை.

எண்பதுகளின் கடைசி வருடங்கள். சிங்கப்பூரில், ராபின்சன் ரோட்டில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கப்பலில் ஏறும் சரக்குகளுக்கான பத்திரங்களைத் தயார் செய்து கொடுப்பது தொழில். கப்பல் கிளம்பும் முன் பத்திரம் போய்ச் சேர வேண்டும். பத்திரம் இல்லாவிட்டால் சரக்கு கரையில் நிற்கும், வாடிக்கையாளர் போனில் கத்துவார். முதலாளியைப் பெரியவர் என்போம். தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவில் ஒரு சின்ன அறையில் ஒற்றை டைப்ரைட்டரோடு ஆரம்பித்தவர். அவருடைய மகளைக் கட்டியவர்தான் மாப்பிள்ளை. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து நேராக மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் மாப்பிள்ளை. எங்கள் மலாய்க்கார டிரைவர் அதுதான் அவருடைய பெயர் என்று நம்பி ஒருமுறை தபால் உறையின் மேல் மிஸ்டர் மாப்பிள்ளை என்று எழுதிக் கொண்டுவந்து அவர் கையிலேயே கொடுத்தார். அன்றைக்கு முழுக்க அலுவலகத்தில் யாருக்கும் வேலை ஓடவில்லை.

நான் அங்கே கம்ப்யூட்டர் டெக்னீஷியன். தொழிற்பள்ளியில் படித்தவன், கேலாங்கில் குடியிருந்தேன். மெஷின் நின்றால் ஓட வைப்பது, பிரிண்டரில் சிக்கிய தாளை இழுப்பது, கேபிள் போடுவது எல்லாம் என் வேலை. மாப்பிள்ளை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏய் ஸ்க்ரூடிரைவர், இங்க வா." சட்டைப் பையில் எப்போதும் ஒன்று வைத்திருந்ததால் அந்தப் பெயர். முதல் தடவை நானும் சிரித்தேன். பிறகு சிரிக்கவில்லை.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குவீன்ஸ்டவுனில் வீடு. கத்தோலிக்கர். கணவர் இரண்டு பிள்ளைகளை அவர் கையில் விட்டுவிட்டு ஒருநாள் எல்லை தாண்டி ஜோகூருக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அதைச் சொல்லி அவர் அழுது நான் பார்த்ததில்லை. "அவர் போன அன்னைக்குத்தான் லா வீட்ல சீலிங் ஃபேன் சத்தமே எனக்குக் கேட்டுச்சு, அவ்வளவு பேச்சு பேசுவாரு" என்பார். பெரிய உடம்பு, மூக்குக் கண்ணாடியில் சங்கிலி, டைப் அடிக்கும்போது மெதுவாகக் கோயில் பாட்டு முணுமுணுப்பார். பெரியவரின் தேக்கா அறைக் காலத்திலிருந்தே அவர் அங்கே வேலை பார்த்தார். அந்த வேலை போனால் அந்த வயதில், அந்தப் படிப்புக்கு, இன்னொரு அலுவலகம் அவரை எடுத்துக்கொள்ளாது. அது அவருக்கும் தெரியும். எங்களுக்கும் தெரியும். மாப்பிள்ளைக்கும் தெரியும்.

டைப்ரைட்டர்களைத் தூக்கிவிட்டுக் கம்ப்யூட்டர் போட்டது மாப்பிள்ளையின் ஏற்பாடு. சர்வர் என்று ஒரு பெரிய மெஷின், அதோடு சேர்ந்த மற்ற மெஷின்கள். முதலில் டைப்பிங் பகுதிக்கு மட்டும் போட்டார். நன்றாகத்தான் ஓடியது. பிறகு கணக்குப் பகுதி, கவுன்ட்டர், கிடங்கு, தன் அறை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார். இருபதுக்கு மேல் மெஷின்கள் ஆகிவிட்டன. எல்லாம் ஒரே கேபிளில். அந்தக் காலத்தில் அப்படித்தான். கறுப்பாக ஒரு கேபிள், கூரையோரமாக ஓடி, மேசை மேசையாக இறங்கி ஏறி, ஒவ்வொரு மெஷினையும் தொட்டுக்கொண்டு சர்வருக்கு வரும். அந்தக் கேபிளில் ஒரு நேரத்தில் ஒரு மெஷின்தான் பேச முடியும். இரண்டு ஒன்றாகப் பேசினால் இரண்டு பேச்சும் கெட்டுப்போய், இரண்டும் வாயை மூடி, கொஞ்சம் பொறுத்து மறுபடி ஆரம்பிக்கும். இருபது பேர் ஒரே நேரத்தில் பேச வந்தால் என்ன ஆகும்? மத்தியானத்துக்கு மேல் மாலைக் கப்பலுக்காக டைப்பிங் பகுதி முழு வேகத்தில் அடிக்கும். அதே நேரத்தில் கணக்குப் பகுதி அன்றைய அறிக்கைகளை எல்லாம் பிரிண்டருக்கு அனுப்பும். அவ்வளவுதான். பெண்கள் ஒரு பத்திரத்தை முடித்துவிட்டு விசையைத் தட்டினால் திரை அப்படியே நிற்கும். கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்போதுதான் மாப்பிள்ளை ஸ்டாப்வாட்சோடு வருவார்.

அவருக்கு அது மெஷினின் கோளாறாகத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். மெஷின் அவர் வாங்கியது. "கை ஸ்லோ" என்றார். பெரியவரிடமும் அதையே சொன்னார். டைப்ரைட்டர் பழக்கம், வயசான கைகள், இவர்களை வைத்துக்கொண்டு இனி ஓட்ட முடியாது, டைப்பிங் வேலையை வெளி ஏஜென்சிக்குக் கொடுத்துவிடலாம், அங்கே சின்னப் பெண்கள் இருக்கிறார்கள், பாதி நேரத்தில் முடிப்பார்கள். பெரியவர் யோசித்தார். அவர் எதற்கும் உடனே தலையாட்டுகிறவர் அல்ல. மாதக் கடைசித் திங்கட்கிழமை தானே வந்து பார்ப்பதாகவும், அன்றைக்கும் மாலைக் கப்பலின் பத்திரங்கள் தேங்கி நின்றால் டைப்பிங் பகுதியை மூடிவிடலாம் என்றும் சொன்னார். மாப்பிள்ளை இதைக் கூடத்தின் நடுவில் நின்று ஆறு பெண்களுக்கும் அறிவித்தார். அக்கா பாட்டை நிறுத்தினார். அவர் பாட்டை நிறுத்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எனக்குக் காரணம் அதற்கு முன்பே தெரிந்திருந்தது. தீர்வும் தெரிந்திருந்தது. கேபிள் வந்து சேரும் நெட்வொர்க் கார்டு சர்வரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இன்னும் மூன்று கார்டுகள் போட அதில் இடம் காலியாக இருந்தது. நான்கு கார்டு போட்டு, கேபிளையும் நான்காக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒரு கார்டில் சேர்த்துவிட்டால், ஒரு பகுதியின் கூச்சல் இன்னொரு பகுதிக்குக் கேட்காது. ஒரே வாசலில் இருபது பேர் முட்டிக்கொள்வதற்குப் பதில் நான்கு வாசல், ஒவ்வொன்றிலும் ஐந்தாறு பேர். மாப்பிள்ளையின் அறைக்குப் போய் இதைச் சொன்னேன். மூலையில் இருந்த அறை, இரண்டு பக்கமும் ஜன்னல், ஒன்றில் கடல் தெரியும். நாற்காலியைக் கடல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டுதான் கேட்டார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. தனக்குக் கீழே வேலை செய்கிறவன் சொல்வதில் பாதியைத்தான் கேட்பார். மீதிப் பாதிக்கு முன்னால் "சரி சரி, புரிஞ்சுது" என்று கையை ஆட்டிவிடுவார். "சார், சர்வர்ல நாலு கார்டு போட்டா..." என்ற வரைக்கும் கேட்டார். கேபிளை வெட்டுவதைப் பற்றி வாயைத் திறந்தேன். கை ஆடியது. "நீ போய் பிரிண்டரைப் பாரு. யோசிக்கிற வேலையை என்கிட்ட விடு."

அடுத்த வாரமே, பெரியவர் உட்கார்ந்திருந்த கூட்டத்தில், நான்கு கார்டு போடும் திட்டத்தைத் தன் திட்டமாகச் சொன்னார். நான் கதவோரம் புரொஜெக்டர் பல்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். கண்ணைக்கூடத் திருப்பவில்லை. பெரியவர் "நல்ல யோசனை மாப்பிள்ளை" என்றார். நான் கையிலிருந்த பல்பைத் துடைத்தேன். பயம் இல்லை. என் வாயில் வந்த வார்த்தை ஒன்றும் அந்த அறையில் சொல்லக்கூடியதாக இல்லை.

அதற்குப் பிறகும் ஏஜென்சிப் பேச்சை அவர் விடவில்லை என்பதுதான் விஷயம். கார்டு வேலை செய்தால் பெயர் அவருக்கு. பத்திரம் தேங்கினால் பழி பெண்களுக்கு. இரண்டு பக்கமும் பூட்டி வைத்திருந்தார்.

கடைசித் திங்களுக்கு முந்தைய சனிக்கிழமை, என்னைக் கூப்பிடாமல், மெஷின் விற்ற கடையிலிருந்து ஒரு சீன ஆளை வரவழைத்து மூன்று புதிய கார்டுகளையும் போட வைத்தார். அருகில் நின்று எப்படிச் செய்ய வேண்டும் என்று சொன்னவரும் அவரே. அந்த ஆள் ஏதோ சொல்ல வந்தபோது அவரிடமும் "சரி சரி" என்றிருப்பார் போல. நான்கு கார்டுகளையும் வரிசையாக அதே பழைய ஒற்றைக் கேபிளில் கோத்துவிட்டார்கள். வாசலை நான்காக்கிவிட்டு நான்கையும் ஒரே சந்துக்குள் திறந்துவிட்ட மாதிரி. வேகம் கூடவில்லை. அது போதாதென்று சர்வர் வேறு விடாமல் பீப் பீப் என்று அலற ஆரம்பித்தது. சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்குப் போன் வந்தது. "நாளைக்குப் போய் அந்த வயரை எல்லாம் கொஞ்சம் சரி பண்ணி வை. பெரிய வேலை ஒண்ணும் இல்ல. நான் கல்யாணத்துக்குப் போறேன், தொந்தரவு பண்ணாத." நன்றி இல்லை. என் யோசனை என்ற பேச்சும் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை அவர் யோசிக்கவில்லை. கேபிளை எங்கே வெட்டுவது, யாரை எந்தக் கார்டில் சேர்ப்பது என்று முடிவு செய்யும் கத்தரியை என் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

அலுவலகச் சாவி அக்காவிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பட்டுச் சேலையோடு, வாழையிலையில் கட்டிய நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். வீட்டுக்குப் போகச் சொன்னேன், போகவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியைப் பிடித்தார். டைப்பிங் பகுதியின் ஆறு மெஷின்களையும் தனியாகப் பிரித்து முதல் கார்டில் சேர்த்தேன். வேறு யாரும் அதில் இல்லை. கவுன்ட்டரும் கிடங்கும் இரண்டாவதில். பிறகு கணக்குப் பகுதி, அவர்களுடைய பெரிய பிரிண்டர்கள், அந்தக் கூட்டம் முழுக்க மூன்றாவதில். அந்தக் கேபிளை அப்படியே இழுத்துக்கொண்டு போய் அதன் கடைசியில் மாப்பிள்ளையின் அறையைச் சேர்த்தேன். நான்காவது கார்டில் ஒன்றும் சேர்க்கவில்லை. முனையில் மூடியைப் போட்டு விட்டுவிட்டேன்.

அக்கா கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மெஷினைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் அல்ல. தினமும் உட்கார்ந்து வேலை செய்கிற மெஷின்.

"தம்பி, அது ஏன் சும்மா கெடக்கு?"

"அது ரெஸ்ட் எடுக்கட்டும் அக்கா."

"அவர் ரூமை அதுல போடலாம் இல்ல?"

"போடலாம். அவருக்குன்னே தனியாப் போடலாம். பறக்கும்."

"அப்புறம்?"

"போட மாட்டேன்."

மூடி போட்ட அந்த முனையையே அக்கா பார்த்தார். பிறகு அவருடைய வயிறு குலுங்க ஆரம்பித்தது. ஏணியும் சேர்ந்து குலுங்கியது. "அடுத்த வாரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகணும் டா. ஃபாதருக்கு முதல்ல கேபிள்னா என்னன்னு விளக்கணும்!" என்றார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. ஏணியை விட்டுவிட்டு என் கால் சட்டையைப் பிடித்து இழுத்தார். "இங்க பாரு. இதை யார்கிட்டயும் சொல்லாத. கோபம் வந்தா உனக்கு வாய் நிக்காது. இது வெளிய வந்தா நீ வேற கம்பெனிக்குப் போயிடுவ, சின்னப் பையன். நான் எங்க போவேன்? நான் இங்க இருக்கிற வரைக்கும் சொல்ல மாட்டேன்னு சொல்லு." சொன்னேன்.

திங்கட்கிழமை பெரியவர் வந்தார். கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மத்தியானம் ஆனது. கணக்குப் பகுதி அறிக்கைகளை அனுப்ப ஆரம்பித்தது, பிரிண்டர்கள் கத்தின. பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு அடித்தார்கள். ஒருத்தி பத்திரத்தை முடித்து விசையைத் தட்டினாள். தட்டிவிட்டுப் பழக்க தோஷத்தில் கையை மடிக்குக் கொண்டுபோனாள். திரை அதற்குள் அடுத்த பத்திரத்துக்குத் தயாராக நின்றது. அவள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளுக்கு நிமிர்ந்து பார்க்க நேரம் இல்லை. அக்கா மறுபடி பாட ஆரம்பித்தார், இந்த முறை கொஞ்சம் உரக்க. கப்பலுக்கு நேரம் இருக்கும்போதே கடைசிப் பத்திரம் பிரிண்டரிலிருந்து வந்துவிட்டது. அக்கா எழுந்து போய் முழுக் கட்டையும் பெரியவரின் கையில் கொடுத்தார். பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மாப்பிள்ளைக்கு அது போதவில்லை. தன் திட்டத்தைத் தன் மெஷினில் காட்ட வேண்டும் என்று மாமனாரை அறைக்குள் அழைத்துப் போனார். கதவைத் திறந்தே வைத்தார், எல்லாரும் கேட்கட்டும் என்று. அன்றைய சரக்குகளின் முழு விவரத்தையும் ஒரே விசையில் கொண்டுவருவதாகச் சொல்லித் தட்டினார். திரை நின்றது. "வந்துரும் மாமா." நின்றது. இன்னொரு தடவை தட்டினார். பக்கத்தில் கணக்குப் பகுதியின் பிரிண்டர்கள் இரைந்துகொண்டிருந்தன. "இப்ப வந்துரும் மாமா, கொஞ்சம்..." பெரியவர் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார். கப்பல்களை எண்ணியிருப்பார். பிறகு நிதானமாகக் கேட்டார்: "என்ன மாப்பிள்ளை, உங்க கை ஸ்லோவா?"

கூடத்தில் ஆறு கைக்குட்டைகள் வாய்க்குப் போயின. நான் கதவோரம்தான் நின்றேன். மாப்பிள்ளையின் பின்கழுத்து சிவப்பதை நான் பார்த்தேன். அதைப் பார்த்த சந்தோஷம் எனக்கு இன்றைக்கும் குறையவில்லை. டைப்பிங் பகுதியை மூடும் பேச்சு அன்றோடு நின்றது. யாரும் அதை ரத்து செய்து அறிவிக்கவில்லை. பெரியவர் போகும்போது அக்காவின் மேசை அருகில் நின்று, "நாளைக்கும் இதே மாதிரி பண்ணுங்கம்மா" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார். தன் அறையில் மட்டும் ஏன் இப்படி என்று கேட்டார். "தூரம் சார். ரூம் மூலையில இருக்கு. கேபிள் நீளம்" என்றேன். கூடத்துப் பக்கம் அறையை மாற்றிக்கொண்டால் சரியாகிவிடும் என்றும் சொன்னேன். கடல் தெரிகிற அறையை அவர் விடமாட்டார் என்று எனக்குத் தெரியும். என்னை நம்பாமல், கார்டு போட்ட அந்தச் சீனரை வரவழைத்துப் பார்க்கச் சொன்னார். அவர் சர்வரின் பின்பக்கம் குனிந்து பார்த்தார். மூடி போட்ட நான்காவது கார்டைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தச் சனிக்கிழமை மாப்பிள்ளையிடம் அவரும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்தானே. "ஜாவ் லா, பாஸ்," என்றார் மலாயில். ரொம்ப தூரமாம். பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார். அந்த மனிதருக்கு நான் ஒரு தேநீர்கூட வாங்கிக் கொடுக்கவில்லை என்பது எனக்குக் குறைதான்.

அதன் பிறகு நடந்ததை நான் திட்டமிடவில்லை. மாலையில் ஒரு அவசர அறிக்கை வேண்டும் என்றால் மாப்பிள்ளையால் தன் அறையில் எடுக்க முடியாது. கூடத்துக்கு வந்தால் உடனே கிடைக்கும். முதலில் யாரையாவது எழுப்பிவிட்டு உட்கார்ந்தார். அக்கா விடவில்லை. "சார், கப்பல் நிக்காது லா. இதை அடிச்சு முடிச்சுட்டுத் தர்றோம்" என்றார். நாளைக்கும் இதே மாதிரி என்று பெரியவர் சொல்லிவிட்டுப் போன பிறகு அவரால் யாரையும் எழுப்ப முடியவில்லை. கையில் தாள்களோடு, ஒரு பெண்ணின் பின்னால், அவள் முடிக்கும் வரை நின்றார். முன்பு நின்ற அதே இடம். ஒருநாள் "அக்கா, ஒரு பத்து நிமிஷம் கிடைக்குமா?" என்று கேட்டார். அதுவரை அவர் அக்காவை "இந்தாம்மா" என்றுதான் கூப்பிடுவார். அக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவரைப் பார்த்துவிட்டு, "உக்காருங்க சார். கை கழுவிட்டு வந்தீங்களா?" என்றார்.

வருடாந்திர விருந்தில் மேடையேறி, அலுவலகத்தை நவீனமாக்கியதற்காக மாப்பிள்ளை கேடயம் வாங்கிக்கொண்டார். நான்கு கார்டுகளைப் பற்றி நீளமாகப் பேசினார். நான் பின்வரிசையில் கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தேன். அக்கா மேசைக்குக் கீழே என் காலை மிதித்துக்கொண்டே இருந்தார், வாயைத் திறந்துவிடுவேனோ என்று. திறக்கவில்லை. அவர் வேலையில் இருந்த வரை திறக்கவில்லை. அரை மணி நேரம் போதும், அந்த மூடியைக் கழற்றி அவர் அறையை நான்காவது கார்டில் சேர்த்திருக்கலாம். ஒவ்வொரு மாதமும் சர்வரைத் துடைக்கும்போது அதைப் பார்ப்பேன். துடைத்துவிட்டு வந்துவிடுவேன். ஒரு அலுவலகத்துக்கு வேகம் வந்துவிட்டது என்று சொல்கிறார்கள். வேகம் அப்படிப் பொதுவாக வருவதில்லை. யாரோ ஒருவன் ஏணியில் ஏறி இவருக்கு இவ்வளவு, அவருக்கு அவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கிறான். எனக்கு முன்னால் மாப்பிள்ளை பிரித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பிரித்தேன். எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அக்கா அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றார். மகள் தாதியானாள், மகன் துறைமுகத்தில் வேலைக்குப் போனான். நான் அதற்கு முன்பே வேறு இடம் போய்விட்டேன். பெரியவர் காலமான பிறகு மாப்பிள்ளை கம்பெனியை விற்றார். போன வருடம் அக்கா இறந்தார். அவருடைய கோயிலில் கடைசிப் பூசைக்குப் பழைய டைப்பிங் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள், அவர்களும் இப்போது தலை நரைத்தவர்கள். மாப்பிள்ளை வரவில்லை. தகவல் போயிருந்தது. நானே அனுப்பினேன்.

சென்ற மாதம் தேக்காவில் சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவே அவரைப் பார்த்தேன். இரண்டு நண்பர்களோடு உட்கார்ந்திருந்தார். நன்றாகத்தான் இருந்தார். "ஏய், ஸ்க்ரூடிரைவர்!" என்று கடை முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார். நான் தட்டோடு அவர் மேசைக்கே போய் உட்கார்ந்தேன். நண்பர்களிடம் என்னை அறிமுகப்படுத்தினார். "என்கிட்ட வேலை பார்த்தவன். அந்தக் காலத்துலயே ஒரே சர்வர்ல நாலு கார்டு போட்டவன் நான். சிங்கப்பூர்ல அப்ப யாருக்கும் தெரியாது. இவனைக் கேளுங்க. என்ன, சொல்லு லா."

சொன்னேன். கேபிளை யார் வெட்டியது என்று சொன்னேன். அவருடைய அறை ஏன் கடைசி வரைக்கும் ஊர்ந்தது என்று சொன்னேன். அவர் சிரித்தார். "சும்மா சொல்லாத. அது தூரம்."

"நாலாவது கார்டுல ஒரு வயர்கூட இல்ல சார். நீங்க கேடயம் வாங்கினீங்களே, அன்னைக்கும் அது காலிதான். உங்களுக்குன்னு இருந்த கார்டு அது. மூடி போட்டு வச்சிருந்தேன்."

நண்பர்களில் ஒருவர் சிரிப்பை அடக்கத் தேநீரைத் தூக்கி வாயில் வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை என்னையே பார்த்தார். எத்தனை மாலைகள் அந்தத் திரைக்கு முன் உட்கார்ந்திருந்தார் என்று அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"ஏன்டா அப்படிச் செஞ்ச?"

"அக்காவை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தீங்க."

"எந்த அக்கா?"

நான் அதை எதிர்பார்க்கவில்லை. கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையாகவே தெரியவில்லை. யார் தோளுக்குப் பின்னால் வருடக்கணக்காக நின்றாரோ, யாரிடம் பத்து நிமிஷம் கிடைக்குமா என்று கேட்டு நின்றாரோ, அந்தப் பெண்ணை அவர் மறந்துவிட்டார். இத்தனை வருடமும் நான் அவருக்குக் கொடுத்த தண்டனை எதற்கு என்றே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தேன். அக்காவின் முழுப் பெயரையும் சொன்னேன், ஞானஸ்நானப் பெயர், அப்பா பெயர் எல்லாம் சேர்த்து. பிள்ளைகளின் பெயரைச் சொன்னேன். எந்தக் கோயிலில் பூசை நடந்தது என்று சொன்னேன்.

"சரி சரி," என்று கையைத் தூக்கினார். அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டேன்.

"பேரைத் திருப்பிச் சொல்லுங்க சார்."

சுற்றிலும் பார்த்தார். பக்கத்து மேசைக்காரர்களும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெதுவாகச் சொன்னார். பாதியை விட்டுவிட்டார். கையை விடாமல் மறுபடியும் சொல்ல வைத்தேன்.